ஹெலனின் கணவன்

சுதர்ஷிகா அந்த ஆங்கில நாடகத்தைப் பார்க்கத் தொடங்கியது காதல் கதையில் இருந்த ஆசையால் அல்ல. திங்கட்கிழமை காலைத் தேநீர் நேரத்தில் வாயைத் திறக்க ஏதாவது வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆக்லண்ட் நகரத்தின் எல்லர்ஸ்லிப் பகுதியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் அவளுக்கு வேலை. விபத்தில் அடிபட்ட கார்களின் விபரங்களைக் கணினியில் ஏற்றுவது. அந்தப் பிரிவில் அவளோடு இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரப் பெண்கள். நல்லவர்கள்தான். ஆனால் தேநீர் மேசையில் அவர்களுடைய பேச்சு தோட்டம், நாய், முன்னாள் கணவன்மார் என்று ஓடும்போது அதில் எந்த இடத்தில் ஏறிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியாது. பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டு சிரிப்பாள். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு கோடையில், ஞாயிறு மாலைகளில் ஒரு பிரிட்டிஷ் நாடகம் தொடங்கியது. அடுத்த நாள் மேசை முழுவதும் அதே கதை. பிரிவுக்குப் பொறுப்பான ட்ரேசி அவளைப் பார்த்து, நீ பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்று சுதர்ஷிகா பொய் சொன்னாள். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக அடுத்த ஞாயிறு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

இங்கிலாந்தின் வடக்கே கடலோரச் சிற்றூர் ஒன்று. அங்கே ஹெலன் என்று ஒருத்தி. அவளுடைய கணவன் ரொபேட் படகு திருத்துகிறவன். பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுக்க மைக்கல் என்ற ஒருவன் வந்து சேர்கிறான். மூன்று பேரும் நல்லவர்கள். கதையில் சிக்கலே அதுதான். அவர்களுடைய ஆங்கிலம் சுதர்ஷிகாவுக்குப் பாதிதான் விளங்கியது. சத்தத்தைக் கூட்டவும் வழியில்லை. ஹில்ஸ்பரோவில் அவர்கள் வாடகைக்கு இருந்தது பலகை வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் ஏர்னஸ்ட் படுத்திருப்பான்.

ஏர்னஸ்ட் அவளுடைய கணவன். மன்னார்க்காரன், அவளைவிடப் பத்து வயது மூத்தவன். ஒனஹங்காவில் ஒரு பேக்கரியில் பாண் போடுகிற வேலை. ஊர் எழும்புவதற்கு முன்னால் வேலை தொடங்குவதால், கோடை வெளிச்சம் மங்குவதற்கு முன்பே திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவான். புகைப்படம் பார்த்துப் பேசி, கொழும்பில் ஒரு தேவாலயத்தில் நடந்த கலியாணம் அவர்களுடையது. குறை சொல்ல முடியாத மனிதன். அவளுக்குக் கார் ஓட்டப் பழக்கினான். முதல் குளிர்காலம் வருவதற்கு முன்பே கம்பளிக் கோட்டு வாங்கி வைத்திருந்தான். ஆனால் அவன் கதைப்பதெல்லாம் "சாப்பிட்டீரோ", "மழை வரும் போல கிடக்கு", "உடுப்புக் காஞ்சிட்டுது" என்பவைதான். கலியாணமாகி இரண்டாவது வருடம் அவளுக்குக் கரு தங்காமல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்து, போர்வையை இழுத்துவிட்டு, சூப் காய்ச்சி வைத்துவிட்டு, வெளியே போய்ப் புல் வெட்டத் தொடங்கினான். மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். அதைப் பற்றி அதற்குப் பிறகு இருவரும் ஒரு சொல்லும் கதைத்ததில்லை.

மாசி மாதம் நகரத்தின் நடுப்பகுதிக்கு மின்சாரம் கொண்டு போகிற நிலத்தடிக் கேபிள்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பழுதாயின. குவீன் ஸ்ட்ரீட் இருண்டது. மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ஓடவில்லை. கடைகளுக்கு முன்னால் ஜெனரேட்டர்கள் இரைந்தன. கம்பனியின் நகரக் கிளையில் இருந்தவர்களை, மின்சாரம் திரும்பும் வரைக்கும் எல்லர்ஸ்லிக்கு அனுப்பினார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவன் பிருந்தன். இடம் போதாததால் சுதர்ஷிகாவின் மேசையோடு ஒட்டி ஒரு மடக்கு மேசையைப் போட்டு அவனுக்குக் கொடுத்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, லண்டனில் படித்து, ஏதோ ஒரு வேகத்தில் இந்த நாட்டுக்கு வந்துவிட்டவன். கலியாணம் ஆகவில்லை. வந்த அன்றே, அவளுடைய பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் கதைக்கத் தொடங்கினான். வேலை நேரத்தில் தன் காதில் தமிழ் விழுவது அவளுக்கு முதலில் கூச்சமாக இருந்தது, யாரோ தன் வீட்டு உடுப்போடு அலுவலகத்துக்கு வந்துவிட்டது போல.

அடுத்த திங்கட்கிழமை தேநீர் மேசையில், ஹெலன் தன் தம்பியோடு ஏன் இவ்வளவு நேரம் கடற்கரையில் நின்றாள் என்று சுதர்ஷிகா கேட்டாள். ட்ரேசி கண்ணை அகல விரித்தாள். பிருந்தன்தான் மெதுவாகத் தமிழில் சொன்னான்.

"மைக்கல் தம்பியில்லை. முந்திக் காதலிச்சவன்."

"கண்டவுடன கட்டிப்பிடிச்சு அழுதவளெல்லோ?"

"அதுக்குத்தான் அழுதவள்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த அலுவலகத்தில் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. மற்றப் பெண்களுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவளோடு சேர்ந்துதான் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு மதிய உணவு நேரங்களில் இருவரும் குதிரைப் பந்தய மைதானத்தின் வேலியோரம் நடந்தார்கள். ஞாயிறு போன பாகத்தை அவன் விளக்குவான். யார் யாரிடம் என்ன மறைக்கிறார்கள், எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சொல்லுவான். செவ்வாய்க்கிழமையோடு நாடகக் கதை முடிந்துவிடும். பிறகு வேறு கதைகள். லண்டனில் அவன் இருந்த அறை, அவளுடைய தகப்பன் குருநகரில் படகு வைத்திருந்த காலம், அவளுக்குப் பயமான விஷயங்கள், அவனுக்குப் பயமான விஷயங்கள். அவள் ஒன்று சொன்னால், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று அவன் கேட்பான். அந்த ஒரு கேள்விக்காக அவள் முந்தின நாள் மாலையிலிருந்தே சொல்ல ஏதாவது தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அயர்ன் பெட்டியைச் சூடாக்கி, மினுக்கிய உடுப்பையே மறுபடி மினுக்கினாள். சமையலறை அலுமாரிகளை ஒழுங்குபடுத்தி, அது பிடிக்காமல் மறுபடி மாற்றினாள். ஆக்லண்டின் அந்தப் புழுக்கத்தில் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். சனிக்கிழமை வந்தால் நேரம் நகராது. பாண் மாவின் மணத்தோடு ஏர்னஸ்ட் உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, இந்த மனிதன் எனக்கு ஒரு கெடுதியும் செய்யவில்லையே என்று நினைப்பாள். அந்த நினைப்பு வந்ததும் அவன்மேல் காரணமில்லாத கோபமும் வரும்.

அலுவலகத்தில் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். ட்ரேசி மைக்கலின் பக்கம். வேறு இருவர் ரொபேட்டின் பக்கம். நீ யார் பக்கம் என்று சுதர்ஷிகாவைக் கேட்டபோது, இன்னும் தெரியாது என்றாள். பக்கத்து மேசையில் பிருந்தன் தட்டச்சை நிறுத்தியது அவளுக்குக் கேட்டது.

ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து காரில் திரும்பும்போது, ஏர்னஸ்ட் திடீரென்று கேட்டான்.

"உந்த நாடகத்தில என்ன நடக்குது?"

அவன் அதை ஒருநாளும் பார்த்தவனில்லை. கதையைச் சுருக்கிச் சொன்னாள். ஹெலன், மைக்கல், கடற்கரை. கணவனைப் பற்றி அவள் கொஞ்சமாகத்தான் சொன்னாள். அவன் அதைத்தான் பிடித்துக்கொண்டான்.

"அந்த மனுசனுக்குத் தெரியுமோ?"

"தெரியும் போல கிடக்கு. ஆனால் ஒண்டும் சொல்லுறானில்லை."

"ஏன்?"

"அவனுக்குக் கதைக்க வராது. படகைத் தட்டிக்கொண்டு நிக்கிறான்."

சிவப்பு விளக்கில் கார் நின்றிருந்தது. விளக்கு பச்சையானதை அவன் கவனிக்கவில்லை. பின்னால் வந்த கார் ஹோர்ன் அடித்த பிறகுதான் எடுத்தான். நான் எந்த மனிதனைப் பற்றிச் சொன்னேன் என்ற சந்தேகத்தில் சுதர்ஷிகாவுக்குக் கன்னம் சுட்டது.

பங்குனிக் கடைசியில் நகரத்துக்கு மின்சாரம் திரும்புகிறது என்று செய்தி வந்தது. வந்தவர்கள் எல்லோரும் அடுத்த கிழமை திரும்பிப் போக வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. மைதானத்தில் குதிரை ஒன்றும் இல்லை. ஒரு ட்ராக்டர் மட்டும் தூரத்தில் புல்லின் மேல் போய்க்கொண்டிருந்தது. பிருந்தன் நடப்பதை நிறுத்தினான்.

"நான் சுத்தி வளைக்கேல்லை. எனக்கு உங்களை விட்டிட்டுப் போக ஏலாது. நீங்கள் என்னோட வருவீங்களோ?"

அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். வர வேண்டும் என்றும், வரக்கூடாது என்றும் அவள் நேர்ந்துகொண்டிருந்தாள்.

"வந்தால், அடுத்த நாள் காலமை எழும்பி என்ன செய்வம்?" என்று கேட்டாள்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "வேலைக்குப் போவம். பின்னேரம் வீட்டை வந்து கதைப்பம்."

பெரிய வாக்குறுதி ஏதாவது தந்திருந்தால் அவளால் மறுத்திருக்க முடியும். இதை மறுப்பது கஷ்டமாக இருந்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்து கதைக்கிற ஒருவன். அவள் கேட்டது அதைவிட அதிகமில்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

அந்த ஞாயிறுதான் நாடகத்தின் கடைசிப் பாகம். சாப்பிட்ட பிறகு ஏர்னஸ்ட் படுக்கப் போகவில்லை. அடுத்த நாள் வேலையை இன்னொருவனோடு மாற்றிக்கொண்டதாகச் சொல்லி, வந்து கதிரையில் உட்கார்ந்தான். சத்தத்தைக் கூட்டச் சொன்னான். முதல் தடவையாக அந்த நாடகத்தின் குரல்கள் வீடு முழுக்கக் கேட்டன. அதைக் கேட்கச் சுதர்ஷிகாவுக்குக் காது கூசியது.

ஹெலன் பெட்டியோடு ரயில் நிலையத்துக்குப் போனாள். மைக்கல் ரயில் மேடையில் நின்றான். ரொபேட் படகுத்துறையில் நின்று ரயில் போகும் சத்தத்தைக் கேட்டான். அவ்வளவுதான்; இசை வந்தது, பெயர்கள் ஓடின. ஏர்னஸ்ட் எழும்பித் தொலைக்காட்சியை நிறுத்தினான்.

"அவன் ஏன் படகடியிலயே நிண்டவன்?" என்றான். "ஸ்டேஷன் ஒண்டும் தூரமில்லையே. போயிருக்கலாம்."

"போனால் மட்டும் அவள் நிண்டிருப்பாளோ?"

"நிண்டிருக்க மாட்டாள். அது வேற."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு முன்னால் அவளால் மேலும் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். பிருந்தனின் பெயரைச் சொன்னாள். மைதானத்தின் வேலியைச் சொன்னாள். அவன் கேட்டதையும், தான் இன்னும் பதில் சொல்லாததையும் சொன்னாள். கை பிடித்ததுகூட இல்லை என்று சொல்ல வாயெடுத்து, அது ஒரு சமாதானமாக இருக்காது என்று விட்டுவிட்டாள்.

ஏர்னஸ்ட் நின்றபடியே கேட்டான். "போறதெண்டு முடிவெடுத்திட்டீரோ?"

"இல்லை. போறேல்லை எண்டும் முடிவெடுக்கேல்லை."

அவன் தலையாட்டினான். "நான் படுத்தால் நித்திரை எண்டு நினைச்சனீர். ஒவ்வொரு ஞாயிறும் உந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான்" என்றான். மேலும் ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. வரவில்லை. அறைக்குள் போனான். அவள் சோபாவிலேயே கிடந்தாள்.

திங்கட்கிழமை காலைத் தேநீர் நேரத்தில் மைக்கலின் கட்சிக்காரர்கள் வென்றுவிட்ட மகிழ்ச்சியில் இருந்தார்கள். முடிவு பிடித்ததா என்று ட்ரேசி கேட்டாள். பிடிக்கவில்லை என்றாள் சுதர்ஷிகா. ஏன் என்று கேட்டதற்கு, அடுத்த நாளைக் காட்டவில்லையே என்றாள். எல்லோரும் அதை நல்ல பகிடியாக எடுத்துக்கொண்டார்கள்.

மதியம் அவளும் பிருந்தனும் மைதானப் பக்கம் போனபோது வேலியோரம் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேர்ட். தானே மினுக்கியதால் கழுத்துப்பட்டி மடிந்து கிடந்தது. கிட்டப் போகும் வரைக்கும் அது ஏர்னஸ்ட் என்று நம்ப அவளுடைய மனம் மறுத்தது.

"நீங்கள் பிருந்தன் என்ன?" என்றான் ஏர்னஸ்ட். "நான் சண்டைக்கு வரேல்லை, தம்பி. வராமல் விட்டிட்டன் எண்டு பிறகு இருக்கக் கூடாது. அதுதான் வந்தனான்."

பிருந்தனின் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் அவன் பின்வாங்கவில்லை. "அண்ணை, நான் களவாய் ஒண்டும் செய்யேல்லை. இவவிட்டைக் கேட்டனான். அவ்வளவுதான்."

"ஓம். சொன்னவ."

மூன்று பேருக்கும் அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏர்னஸ்ட் அவள் பக்கம் திரும்பினான். பேச வேண்டியதை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவன் போல, வேகமாகச் சொன்னான்.

"அண்டைக்கு ஆஸ்பத்திரியால வந்து நான் புல் வெட்டினனான். நீர் மறந்திருக்க மாட்டீர். நான் அழுறது உமக்குக் கேக்கக் கூடாது எண்டுதான் மெஷினைப் போட்டனான். வெட்டி முடிஞ்ச பிறகும் அதை நிப்பாட்டாமல் பின்வளவில நிண்டனான். அதை உமக்குச் சொல்லியிருக்க வேணும். இவ்வளவு காலமும் சொல்லேல்லை."

பிருந்தன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தனியாக அலுவலகத்தை நோக்கி நடந்தான். ஏர்னஸ்ட், ஐந்து மணிக்குக் கார் வாசலில் நிற்கும், ஏறுவதும் ஏறாததும் உம்முடைய விருப்பம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சுதர்ஷிகா வேலிக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை வருடம் தனியாக அழவிட்டுவிட்டு, நானும் அழுதேன் என்று இன்றைக்கு, இன்னொருவனுக்கு முன்னால் வந்து சொல்கிறான். ஆத்திரத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இனிமேல் மெஷின் சத்தத்தை நினைத்தால் அதற்குள் ஒரு அழுகைச் சத்தமும் கேட்கும்.

மாலையில் பிருந்தன் தன் பொருட்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். மடக்கு மேசையை ஏற்கெனவே மடக்கிச் சுவரில் சாத்திவிட்டார்கள். அவள் பக்கத்தில் போய் நின்று, தான் வரவில்லை என்று சொன்னாள்.

"அவர் வந்ததாலயோ?"

"தெரியாது. அவர் இண்டைக்குத்தான் கதைக்கத் தொடங்கியிருக்கிறார். நான் இன்னும் கேட்டு முடிக்கேல்லை."

பிருந்தன் சிரிக்க முயன்றான். "என்னோட கதைச்சதும் முடியேல்லைத்தானே."

"ஓம்" என்றாள். அது உண்மை. அந்த உண்மையோடு அவனை விட்டுவிட்டு வெளியே வருவதுதான் அவள் அதுவரை செய்தவற்றில் ஆகக் கடினமானதாக இருந்தது.

காரில் ஏறியதும், வீட்டுக்குப் போக வேண்டாம் என்றாள். ஏர்னஸ்ட் முதலில் ஏன் என்று கேட்கவில்லை, பிறகு நினைத்துக்கொண்டவன் போல, "ஏன்?" என்று கேட்டான். வீட்டுக்குப் போனால் சமையலைத் தொடங்கிவிடுவேன், நீங்கள் படுத்துவிடுவீர்கள், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றாள். அவன் காரை நெடுஞ்சாலையில் விட்டான். மாங்கரே பாலத்தைத் தாண்டிப் போய், விமான நிலையப் பக்கம் திரும்பி, மறுபடி பாலத்துக்கு வந்தார்கள்.

"நான் உங்களுக்காக வந்தனான் எண்டு நினைக்காதேங்கோ" என்றாள். "எனக்கே இன்னும் விளங்கேல்லை."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு சும்மா இருக்காதேங்கோ. ஏதாவது சொல்லுங்கோ."

அவன் சொன்னான். தட்டுத் தடுமாறி, ஒரு வசனத்தைத் தொடங்கி இன்னொன்றில் முடித்து, சில இடங்களில் அவளுக்கு எரிச்சல் வரும்படியாகவும் சொன்னான். மூன்றாவது தடவை பாலத்தைக் கடக்கும்போது இருவரும் சத்தமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கலியாணமாகி அதுதான் அவர்களுடைய முதல் சண்டை.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகப் போயிற்று என்று சொல்ல முடியாது. ஏர்னஸ்ட் பகல் வேலைக்கு மாறினான். ஆனால் பேச்சு அவனுக்கு உடனே பழகவில்லை. சில நாட்கள் பழையபடி வாயை மூடிக்கொள்வான். அவள் கதவை அடித்துச் சாத்துவாள். ஒரு தடவை, ஒனஹங்காவில் இருந்த தேவாலயத்துச் சிநேகிதி மாகிரட் வீட்டுக்கு உடுப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சில கிழமைகள் இருந்தாள். அங்கேயும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏர்னஸ்ட் பின்னேரங்களில் அங்கே வந்து வாசலில் நின்று கதைத்துவிட்டுப் போனான். ஒருநாள் அவனோடு திரும்பி வந்தாள். காரணம் கேட்ட மாகிரட்டுக்குச் சரியான பதில் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அடுத்த வருடக் குளிர்காலத்தில், பிருந்தன் சிட்னிக்குப் போய்விட்டான் என்று ட்ரேசி தேநீர் மேசையில் வேறு செய்திகளுக்கு நடுவே சொன்னாள். சுதர்ஷிகா எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். முகத்தைக் கழுவித்தான் வந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்தபோது ஏர்னஸ்ட் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தான்.

"அழுதனீரோ?"

"ஓம்."

"என்ன நடந்தது?"

"பிருந்தன் சிட்னிக்குப் போட்டாராம்."

அவன் முகம் இறுகியது. கையைத் துடைத்தான். ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தான். வெளியே போய்விடுவான் என்று அவள் நினைத்தாள். போவதற்கு அவனுக்கு உரிமையும் இருந்தது. அவன் போகவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு, சமையலறைக் கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"சரி," என்றான். "சொல்லும். கேக்கிறன்."

சொல்வதா, வேண்டாமா என்று அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.